அரைக் கார்டு

அழகையா: அரைன்னு மட்டும் சொல்லாதீங்க தம்பி.

மர்ஸூக்: சரி தலைவர். குட்டைக் கார்டு.

அழகையா: எவ்வளவு குட்டை?

மர்ஸூக்: மத்தக் கார்டுட ஒசரத்துல பாதி.

அழகையா: பாதின்னாலும் அரை தானே.

கலாராணி: அப்பா, அவரு அளவச் சொல்றாரு. சம்பளத்தச் சொல்லல.

அழகையா: எனக்கு ரெண்டும் ஒண்ணு தான். நிறை கொஞ்சம் கொறைஞ்சாப் போதும், அரைப்பேரு. நாள் பூரா மழையில நின்னு கொழுந்து எடுத்தவளுக்கு அரைச் சம்பளம். அந்த அரைய எதுத்துக் கேக்கத் தான் சனம் என்னயச் சங்கத் தலைவராப் போட்டுச்சு. இப்ப நானே பஸ் ஏறி பதுளைக்கு வந்து, அரை குடுங்கன்னு கேட்டு வாங்கிட்டுப் போறதா?

மர்ஸூக்: தலைவர், நீங்க கொணந்த கம்ப்யூட்டர் பெட்டியப் பாருங்க. ஒல்லிப் பெட்டி. ஆபீஸ் மேசையில படுக்கப் போடுற சாதி. இதுக்குள்ள முழுக் கார்டு நிக்காது.

அழகையா: நிக்க வைங்க.

மர்ஸூக்: மூடி பூட்ட ஏலா.

அழகையா: மூடி எதுக்கு?

கலாராணி: அப்பா...

அழகையா: சந்தேகத்தக் கேட்டேன்.

கலாராணி: பஸ்ல வரும்போதும் இப்படித் தான் மர்ஸூக் நானா. கண்டக்டர் பெட்டிக்கும் டிக்கட் போடணும்னுட்டாரு. அப்படின்னா அதுக்கு சீட்டுக் குடுன்னு பசறை வரைக்கும் வழக்குப் பேசிட்டு வந்தாரு.

மர்ஸூக்: குடுத்தாங்களா?

கலாராணி: நான் நின்னுக்கிட்டு வந்தேன். பெட்டி ஒக்காந்து வந்துச்சு.

மர்ஸூக்: நல்லாக் கட்டித் தான் கொணந்திருக்கீங்க. இது என்ன, சாக்கா?

கலாராணி: அம்மாவோட படங்கு. மலைக்குப் போறப்ப இடுப்புல கட்டுவாங்களே, அது. மழைக்கு இத விட நல்லது எதுவும் எங்க வீட்டுல இல்ல.

மர்ஸூக்: மெஷின் யார்ட?

கலாராணி: தோட்டத்து ஆபீஸ்ல கெடந்தது. புதுசு வந்ததும், பெரிய கிளாக்கர் எங்க பிள்ளைக்காம்பராவுக்குக் குடுத்தாரு. நான் தான் அங்க சின்னப் பிள்ளைகளப் பாக்குறது.

மர்ஸூக்: அப்ப மிஸ்ஸுன்னு செல்லுங்க.

அழகையா: மிஸ் தான். வீட்டுலயும் மிஸ் தான். என்னயவும் கையக் கட்டி ஒக்காரச் சொல்லுது.

மர்ஸூக்: சரி மிஸ், டிவிய செல்லுங்க.

கலாராணி: டிவி தோட்டத்து ஹால்ல இருக்கு. பெருசு. எலக்சனுக்கு முந்தி ஒருத்தரு குடுத்துட்டுப் போனது.

அழகையா: எலக்சனுக்குப் பொறவு அவரு வரல. டிவி இருக்கு.

கலாராணி: அதோட முதுக போட்டோ எடுத்துட்டு வந்திருக்கேன். இந்தாங்க நானா.

மர்ஸூக்: ஆ... இது தான் வேணும். பெருசாக்கிப் பாப்போம். எச்.டி.எம்.ஐ ரெண்டு ஈக்கி. நீலச் சொக்கட் இல்ல. ஒங்கட மெஷின்ல நீலம் மட்டும் தான் ஈக்கி. ரெண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்ல.

அழகையா: சங்கமும் கம்பெனியும் மாதிரி.

மர்ஸூக்: ஓ. நடுவுல ஒரு ஆள் வேணும். அது தான் கார்டு.

கலாராணி: மாத்துற வயர் ஒண்ணு இருக்குன்னு எங்க வீட்டுக்காரரு சொன்னாரு. சின்னதா.

மர்ஸூக்: ஈக்கி. அதப் போட்டா படம் வரும். ஆனா சத்தத்துக்கு வேற வயர் இழுக்கணும். பேந்து இந்த மெஷின் சரியான பழசு. நெட்ல படம் போட்டா விட்டு விட்டுத் தான் ஓடும்.

கலாராணி: விட்டு விட்டு ஓடக்கூடாது நானா.

அழகையா: ஓடவே கூடாது.

மர்ஸூக்: பிள்ளைகளுக்குப் பாட்டுப் போடுறதுக்கு ரெண்டு பேரும் இப்படித் துடிக்கிறீங்களே.

கலாராணி: பாட்டு நின்னா பிள்ளைங்க அழும்.

அழகையா: ஆமா. ரொம்ப அழும்.

மர்ஸூக்: அப்ப கார்டு தான். கார்டுன்னா அந்தப் படத்து வேலைய எல்லாம் அது பாத்துக்கும். மெஷினுக்குப் பாரம் இல்ல. சத்தமும் அதே வயர்ல போகும்.

அழகையா: அந்தக் கண்ணாடிக்குள்ள இருக்கே, அது என்னா? ரெண்டு பேன் வச்சு, லைட்டெல்லாம் எரியுது.

மர்ஸூக்: அதுவும் கார்டு தான். கேம் ஆடுற பொடியன்மாருக்கு.

அழகையா: வேகமா?

மர்ஸூக்: சரியான வேகம்.

அழகையா: அதக் குடுங்க.

மர்ஸூக்: தலைவர், அதுக்குத் தனியாக் கரண்டு குடுக்கணும். ஒங்கட பெட்டிட சப்ளை தாங்காது. லயத்துல ஒரே வயர்ல ஏழு வீட்டுக்காரரும் ஹீட்டர் போட்டா என்ன நடக்கும்?

அழகையா: ஏழு வீடும் இருட்டு.

மர்ஸூக்: அது தான் நடக்கும்.

கலாராணி: அப்பா, இன்னைக்கே பூட்டணும். இருட்டாக்கிப்புடாதீங்க.

மர்ஸூக்: இன்னைக்கேயா? ஞாயித்துக்கிழமை பிள்ளைக்காம்பரா ஏது மிஸ்?

கலாராணி: அது... போட்டுப் பாக்கத் தான். சோதிக்க.

அழகையா: சோதிக்கத் தான். வெளங்காம நாளைக்குப் பிள்ளைங்கள ஒக்கார வச்சா நல்லாருக்குமா? ...இருங்க, போன் அடிக்குது.

கலாராணி: யாருப்பா?

அழகையா: சங்கத்துல இருந்து. வெளிய நின்னு பேசிட்டு வாறேன். உள்ளுக்கு சிக்னல் இல்ல.

மர்ஸூக்: உள்ளுக்கு நல்லா ஈக்குதே தலைவர்...

கலாராணி: விடுங்க நானா, போகட்டும். கதவச் சாத்துங்க. ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சத்தமாக் கேட்டுறாதீங்க.

மர்ஸூக்: என்ன மிஸ்?

கலாராணி: இது பிள்ளைகளுக்கு இல்ல.

மர்ஸூக்: அது விளங்கிச்சு. பேந்து யாருக்கு?

கலாராணி: அப்பாவுக்கு.

மர்ஸூக்: அவரா பாட்டுப் பாக்கப் போறாரு?

கலாராணி: எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா. ஜீவராணி. கட்டுநாயக்காவுல கார்மன்ட்ல.

மர்ஸூக்: தைக்கிறாங்களா?

கலாராணி: பகல்ல தைக்கிறா. பின்னேரம் குத்துறா.

மர்ஸூக்: பின்னேரமும் ஊசி வேலையா?

கலாராணி: ஊசியால இல்ல நானா. கையால. பொக்சிங்.

மர்ஸூக்: பொக்...

கலாராணி: மெதுவா.

மர்ஸூக்: பொம்பளப் பிள்ளையா? பொக்சிங்கா?

கலாராணி: இன்னைக்குப் பின்னேரம் கொழும்புல பைனல். நாடு முழுக்க நடந்த போட்டி. கண்டிய அடிச்சா. காலிய அடிச்சா. இன்னும் ஒருத்தி தான் மிச்சம்.

மர்ஸூக்: அல்லாவே. தோட்டத்துல தெரியுமா?

கலாராணி: அம்மாவுக்கும் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் தான் தெரியும். அவரு இப்ப ஹால் கூரையில ஏறி ரவுட்டரக் கட்டிக்கிட்டு இருக்காரு. அப்பாவுக்கு இவ தையக்காரி.

மர்ஸூக்: ஏன் செல்லல?

கலாராணி: ஸ்கூல்ல படிக்கிறப்பவே ஆரம்பிச்சுட்டா. ஒரு நாள் ஒதடு வீங்கி வந்து நின்னா. அப்பா பாத்துட்டாரு. பொம்பளப் பிள்ளை மூஞ்சி ஒடஞ்சா எவன் கட்டுவான்னு... இனிமே கையுறை போட்டா அவ மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்னு மாரியம்மன் கோயில் வாசல்ல, சனம் பாக்கச் சொல்லிட்டாரு. தலைவரு சொன்னாச் சொன்னது தானே. சண்டையெல்லாம் விட்டுட்டேன்னு சொல்லி அவ கார்மன்ட்டுக்குப் போனா. விடல.

மர்ஸூக்: இப்ப அவரக் கூட்டி வந்து அவருக்கே கார்டு வாங்குறீங்க.

கலாராணி: ஹால் சாவி அவருகிட்ட. அவரு தொறந்தாத் தான் ஹால். அதனால பிள்ளைங்க பாட்டுன்னு சொன்னேன். தோட்டத்துக்கே பெரிய படம் காட்டப் போறோம்னு சனத்தையும் கூப்பிட்டாச்சு. அப்பாவுக்கு எப்பவும் முன்னுக்கு ஒரு கதிரை போடுவாங்க. அதுல ஒக்கார வச்சு, ரெண்டு பாட்டுப் போட்டுட்டு, அப்படியே தங்கச்சிய மாத்தி விட்டுருவேன்.

மர்ஸூக்: எந்திரிச்சுப் போயிட்டா?

கலாராணி: அத்தன சனத்துக்கு முன்னால தலைவரு எந்திரிச்சுப் போவாரா? ஒரு ரவுண்டாவது பாப்பாரு. ஒரு ரவுண்டு பாத்தாப் போதும் நானா. அவ எப்படி நிக்கிறான்னு பாத்தா அப்புறம் அவரால எந்திரிக்க முடியாது.

மர்ஸூக்: போன்ல காட்டலாமே.

கலாராணி: போன நீட்டுனா தட்டி விட்டுட்டுப் போயிருவாரு. டிவியில காட்டவும் மாட்டாங்க, ஆம்பளைங்க பைனல மட்டும் தான் போடுறாங்க. பொம்பளைங்களுக்கு நெட் மட்டும் தான்.

மர்ஸூக்: தங்கச்சிட்ட செல்லியாச்சா?

கலாராணி: சொன்னேன். சிரிச்சா. பயத்துல சிரிக்கிறா போல. செய்யி அக்கா, செய்யின்னா.

மர்ஸூக்: அப்ப சரி மிஸ். கார்ட நானே பூட்டித் தாறேன். நிக்காம ஓடணும்.

கலாராணி: அவருக்கு முன்னால மூச்சு விட்டுறாதீங்க. இப்பத் தெரிஞ்சா சாவிய மடியில கட்டிக்கிட்டு மலையேறிப் போயிருவாரு. ...வாறாரு.

அழகையா: என்னா, கதவச் சாத்தி வச்சிருக்கீங்க?

மர்ஸூக்: தூசி தலைவர். கார்டுக்குத் தூசி ஆகாது.

கலாராணி: சங்கத்துல என்னாப்பா?

அழகையா: நல்ல சேதி தான். நிறை சரியா இருக்காம்.

கலாராணி: ஞாயித்துக்கிழமையிலயுமா கொழுந்து நிறுக்கிறாங்க?

அழகையா: அது வேற... வேற தோட்டத்துல. காலையில நிறுத்தாங்களாம். கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. சரி, கார்டு என்னாச்சு?

மர்ஸூக்: அங்கேயே தான் நிக்குது. குட்டை தான் சரி.

அழகையா: அரை வேணாம்.

கலாராணி: அப்பா, மணியாகுது.

அழகையா: முழுசு ஒண்ண வச்சுத் தான் பாருங்களேன் தம்பி. கண்ணால பாக்குறேன்.

மர்ஸூக்: இந்தாங்க. இது முழுசு. சொக்கட்டுல வைக்கிறேன். பாருங்க, இவ்வளவு வெளிய நிக்குது.

அழகையா: இப்படியே ஓடாதா?

மர்ஸூக்: ஓடும். ஆனா பூட்ட எடமில்ல. யாராவது பக்கத்துல நடந்தா ஆடும். ஆடினா படம் நிக்கும்.

அழகையா: படம் நிக்கக்கூடாது.

மர்ஸூக்: அப்ப?

அழகையா: பெட்டியில ஒரு ஓட்டை போடுங்க.

கலாராணி: ஓட்டையா. அப்பா, அம்மா எவ்வளவு ஒசரம்?

அழகையா: இப்ப எதுக்கு ஒங்கம்மா?

கலாராணி: சொல்லுங்க.

அழகையா: என் நெஞ்சு வரைக்கும்.

கலாராணி: தோட்டத்து மேப்பிரிவுல அவங்க தானே எல்லாரையும் விடக் குட்டை.

அழகையா: நாட்டுல வச்சே குட்டை. கூடையக் கட்டுனா கூடை தான் நடந்து வரும்.

கலாராணி: எல்லாரையும் விடக் கூடக் கொழுந்து எடுக்கிறது யாரு?

அழகையா: அங்கம்மாவ அடிச்சுக்க ஆளில்ல. கை ஓடுறது கண்ணுக்குத் தெரியாது.

கலாராணி: குட்டைங்கிறதுக்காக அவங்களுக்கு யாராச்சும் அரைப்பேரு போட்டாங்களா?

அழகையா: போட்டுப் பாக்கச் சொல்லு.

கலாராணி: அப்ப இதுக்கு மட்டும் ஏன் நீங்க அரைங்கிறீங்க?

அழகையா: அந்தக் குட்டைய இங்க குடுங்க தம்பி.

மர்ஸூக்: தலைவர், மிஸ் செல்றது சரி தான். இதுட வேலை முழு வேலை. ஆள் தான் கட்டை.

அழகையா: அப்போ முழுப்பேரு.

மர்ஸூக்: முழுப்பேரு.

அழகையா: அப்படிச் சொல்லியிருந்தா எப்பவோ வாங்கியிருப்பேனே தம்பி. பில்லுல அரைன்னு எழுதிறாதீங்க.

மர்ஸூக்: அங்கம்மான்னு எழுதுறேன்.

கலாராணி: எழுதுங்க. அம்மா சட்டம் போட்டு மாட்டுவாங்க.

அழகையா: குட்டையிலயே ரெண்டு வச்சிருக்கீங்களே. எது நல்லது?

மர்ஸூக்: இது ஒரு கை பாவிச்சது. வெலை கொறைவு. அது புதுசு. புதுசுல பேன் இல்ல, சத்தம் போடாது. தனிக் கரண்டும் வேணாம். புதுப் படமெல்லாம் அதுல சுத்தமா ஓடும்.

அழகையா: பழசு எப்பவாச்சும் நிக்குமா?

மர்ஸூக்: நிக்கும்னு செல்ல ஏலா. நிக்காதுன்னும் செல்ல ஏலா.

அழகையா: அப்ப புதுசு.

கலாராணி: அப்பா, யோசிச்சு... ஹால் உண்டியல்ல இருந்து தானே எடுத்துட்டு வந்தோம்.

அழகையா: பத்தலன்னா நான் போடுறேன்.

கலாராணி: பிள்ளைங்க பாட்டுக்கா?

அழகையா: பிள்ளைங்களுக்குச் செய்யாம யாருக்குச் செய்ய?

மர்ஸூக்: அப்ப புதுச பூட்டுறேன். ...உள்ளுக்குப் போச்சு. சத்தம் கேட்டீங்களா, டக்குன்னு? ...ஒரே ஒரு ஆணி. மூடிய மூடிப் பாருங்க மிஸ்.

கலாராணி: மூடுது. அப்பா, மூடுது பாருங்க.

அழகையா: சுருக்காக் கரண்டப் போடுங்க தம்பி.

மர்ஸூக்: என் டிவியில கொழுவிப் பாப்போம். ஒங்கட ஹால்ல உள்ள மாதிரியே தான் இதுவும். பவர்... பொறுங்க... பொறுங்க.

கலாராணி: ஏன் கறுப்பா இருக்கு?

மர்ஸூக்: பொறுங்க.

அழகையா: தம்பி.

மர்ஸூக்: டிவிக்கு எந்த ஓட்டையால வருதுன்னு செல்லணும். இதோ... வந்துட்டு.

கலாராணி: வந்துருச்சு. அப்பா, வந்துருச்சு.

அழகையா: பாத்தேன் பாத்தேன். கையப் பிடிச்சு உலுக்காத. எம்மாடி, என்னா பெருசு. என்னா தெளிவு.

கலாராணி: சத்தம் வரலியே.

மர்ஸூக்: அதையும் செல்லிக் குடுக்கணும். மிஸ், இங்க பாருங்க. இந்த ஸ்பீக்கர் படத்த அமத்தி, டிவி பேர எடுங்க. ஹால்லயும் இப்படித் தான். விளங்குதா?

கலாராணி: விளங்குது. அமத்திட்டேன்.

மர்ஸூக்: என்ன போட்டுப் பாப்போம்? பிள்ளைகள்ட பாட்டா?

அழகையா: வேகமா ஓடுறது எதாச்சும் போடுங்க.

மர்ஸூக்: கார் ரேஸ்?

அழகையா: கார் வேணாம். ஆள் இருக்கணும். கை வேகமாப் போகணும்.

கலாராணி: கை எதுக்குப்பா?

அழகையா: பிள்ளைங்க கை தட்டுமில்ல? அதுக்கு.

மர்ஸூக்: தப்பு அடிக்கிற வீடியோ ஒண்டு ஈக்கி. திருவிழாவுல எடுத்தது. அதப் போடட்டா?

அழகையா: போடுங்க, போடுங்க. ...ஆகா. குச்சி ஒவ்வொண்ணும் தனித்தனியாத் தெரியுது பாரு.

கலாராணி: நிக்கவே இல்ல. நானா, ஒரு தடவ கூட நிக்கல.

மர்ஸூக்: நிக்காது மிஸ். மூணு ரவுண்டும் இப்படியே ஓடும்.

அழகையா: என்னா ரவுண்டு?

மர்ஸூக்: அது... ரவுண்டுன்னா...

கலாராணி: சுத்தி நின்னு ஆடுற பாட்டுப்பா. பிள்ளைங்க வட்டமா நின்னு மூணு சுத்துச் சுத்தும். அதச் சொல்றாரு.

மர்ஸூக்: ஓ. மூணு சுத்து.

அழகையா: ஆமா ஆமா. சுத்தி ஆடுறது. மூணு சுத்து தான். நடுவுல ஒரு நிமிசம் ஒக்காருவாங்க.

கலாராணி: ...ஒக்காருவாங்களா?

அழகையா: சின்னப் பிள்ளைங்க. களைக்காதா?

மர்ஸூக்: களைக்கும் தலைவர்.

அழகையா: தம்பி, இந்த ஓரத்தப் பாருங்க. மேல மூலையில என்னமோ எழுத்து இருக்கு. பாதி வெட்டிக்கிட்டுப் போயிருச்சு.

மர்ஸூக்: ஓ, சில டிவி படத்துட ஓரத்த விழுங்கும். அதையும் சரியாக்க ஏலும். ஹால் டிவியிலயும் இப்படி வந்தா இந்த ரிமோட் பட்டன் தான் மிஸ். படத்துட அளவு. பாருங்க... இப்ப முழுசாத் தெரியுதா?

அழகையா: தெரியுது. மூலையில நம்பர் இருந்தாலும் தெரியுமா?

மர்ஸூக்: தெரியும்.

கலாராணி: பிள்ளைங்க பாட்டுல நம்பரு எங்கப்பா வருது?

அழகையா: ஒண்ணு ரெண்டு மூணு பாட்டுல வராதா? நீ தானே மிஸ்ஸு.

கலாராணி: ...வரும்.

மர்ஸூக்: அப்ப கழட்டிக் கட்டித் தரவா? பஸ்ஸுக்குப் போகணும் தானே.

கலாராணி: கட்டுங்க நானா. படங்கு இங்க இருக்கு. எச்.டி.எம்.ஐ வயர மறந்துறாதீங்க. எங்க வீட்டுக்காரரு ஜெயரூபனுக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லிர்றேன், வாறோம்னு. அப்பா, ஏன் இன்னும் டிவியவே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?

அழகையா: கழட்டாதீங்க தம்பி. ஒரு சந்தேகம். இந்தத் தப்பு அடிக்கிறவரு எந்தக் கையால அடிக்கிறாரு?

மர்ஸூக்: வலது கை.

அழகையா: நெசமாவே வலது கை தானா? இல்ல, கார்டு மாத்திக் காட்டுதா?

மர்ஸூக்: கார்டு மாத்தாது தலைவர். அங்க எந்தக் கையோ இங்கயும் அந்தக் கை.

அழகையா: போன்ல மாறுது.

மர்ஸூக்: அது மொகத்துப் பக்கத்துக் கேமராவுல எடுத்தா மாறும். கண்ணாடி மாதிரி. யாராவது தன்னத் தானே எடுத்து அனுப்பினா அப்படித் தான் வரும்.

அழகையா: அதானே பாத்தேன். கொழம்பிப் போயிட்டேன்.

கலாராணி: அப்பா, ஒங்களுக்கு யாரு எடுத்து அனுப்புறது?

அழகையா: பஸ்ஸு போயிரும். கட்டச் சொல்லு.

கலாராணி: யாருப்பா?

அழகையா: ஒந் தங்கச்சி தான். அக்கா ஆசை ஆசையா ஒளிக்கிறா, தெரிஞ்சதாக் காட்டிக்கிட்டு அவ சந்தோசத்தக் கெடுத்துறாதீங்கன்னு சொல்லி வச்சிருந்தா... ஞாயித்துக்கு ஞாயிறு வீடியோ அனுப்புவாம்மா. எல்லாத்துலயும் சோத்தாங்கையால குத்துற மாதிரியே இருக்கும். ஆனா எம்புள்ள பீச்சாங்கைக்காரி. இன்னைக்காவது அவள அந்தக் கையோட பாக்கணும்.